கால் ஊன்றாத ஆள்

அன்றைக்கு மைதானத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு ஊரே நின்று பார்த்த மாதிரி ஆளாளுக்குப் பேசினார்கள். ஊர் இல்லை. நான் இருந்தேன். என் மனைவியின் தம்பி செல்வராஜ் சூரிய அடுப்புப் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். சுரங்கத்துக்குள் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை பார்க்கும் மாசிலாமணி, ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வந்து உட்கார்ந்திருந்தார். டீக்கடை தங்கவேலு, வேர்க்கடலை விற்கிற ரோசம்மா, மைக் செட்டுக்காரன், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட நாலு பிள்ளைகள், ஒரு நாய். எல்லோருக்கும் நடுவில், என் கடையின் பச்சை சைக்கிளில் அவன் சுற்றிக்கொண்டிருந்தான். அது ஐந்தாம் நாள். மத்தியானம் மூன்று மணி இருக்கும்.

அவன் பேரை எழுதப்போவதில்லை. நேரில் சார் என்றுதான் கூப்பிட்டேன். வயதிலும் படிப்பிலும் என்னைவிடப் பெரியவன். நான் ஆறாவதோடு நின்றவன். ஆனால் நினைத்துப் பார்க்கிறபோது மனசுக்குள் சார் வருவதில்லை, அவன் என்றுதான் வருகிறது. வருகிறபடியே எழுதுகிறேன்.

அவன் சைக்கிளை விட்டு இறங்கிப் பார்த்தவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. ஒரு கால் பெடலில் இருக்கும். இன்னொரு காலின் முனைவிரல் தரையில் பட்டும் படாமலும் இருக்கும். எல்லாப் பேச்சும் அந்த நிலையில்தான். டீ குடிப்பதும் அப்படியே. தங்கவேலு கிளாசைக் கொண்டுபோய்க் கையில் கொடுக்கவேண்டும், காலி கிளாசை வாங்க மறுபடியும் நடக்கவேண்டும்.

"பெஞ்சு சும்மாத்தானே கீது சார், வந்து குந்துங்க" என்பார் தங்கவேலு.

"இல்லப்பா, போயிட்டே இருக்கேன்" என்பான். அரைமணி நேரம் அங்கேயே போய்க்கொண்டே இருப்பான்.

எங்கள் தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் ரயில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் எனக்கு வாடகை சைக்கிள் கடை. அவனுடைய சொந்த சைக்கிள் ஒருமுறை ரிப்பேருக்கு வந்தது. பெடல் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. சீட்டு கிழிந்திருந்தது. பிரேக் கட்டை பாதிதான் மிச்சம். ஸ்டாண்டு மட்டும் கம்பெனியிலிருந்து வந்தபடியே பளபளப்பாக இருந்தது. ஒரு மனுஷனைத் தெரிந்துகொள்ள எனக்கு அது போதும்.

ரோசம்மாவின் புருஷன் செத்த அன்றைக்கு நடந்ததையும் சொல்லவேண்டும். சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீட்டு வாசலில் நாங்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். தெருவில் சைக்கிள் பெல் சத்தம். பிணம் கிடக்கிற வீட்டுக்கு முன்னால் பெல் அடித்துக் கூப்பிடுகிறான். ரோசம்மா தலையைத் தூக்கினாள். "ரொம்ப வருத்தம்மா. என்ன வேணும்னாலும் சொல்லியனுப்புங்க" என்றான், ஒரு கால் பெடலில். பூதிகோட்டையில் இருக்கிற அவள் அக்காவுக்குச் சேதி சொல்ல நாங்கள் அப்போதுதான் ஆள் தேடிக்கொண்டிருந்தோம். சைக்கிளோடு நின்றவன் அவன் ஒருத்தன்தான். அவனைக் கேட்கலாம் என்று மாசிலாமணி எழுந்து வேட்டியைக் கட்டிக்கொண்டு தெருவுக்கு வருவதற்குள் முனை திரும்பிவிட்டான். பூதிகோட்டைக்கு நான்தான் போனேன். போகிற வழியெல்லாம், கடையைப் பூட்டினேனா இல்லையா என்று கவலை வேறு.

பஜாரில் அவன் அண்ணனுக்கு மளிகைக்கடை. இவன் பெயருக்குக் கல்லாவில் உட்காருவான் என்பார்கள். அவன் எங்காவது உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, அதனால் நம்பவில்லை. அடிக்கடி பெங்களூருக்கு ரயிலேறுவான். வரும்போதெல்லாம் புதுசாக ஒன்றைக் கொண்டுவருவான். ஒருமுறை தேனீ வளர்ப்பு. ஒருமுறை எல்லோருக்கும் இந்தி. தேனீப் பெட்டி ஒன்று மாசிலாமணி வீட்டுப் பின்பக்கம் கொஞ்ச நாள் கிடந்தது. தேனீ வரவில்லை, கோழி முட்டையிட்டது.

அப்புறம் மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்ற காலம் வந்தது. அந்த வருஷம்தான் அவன் சூரியனைக் கொண்டுவந்தான்.

பெங்களூரில் ஒரு பயிற்சிக் கூடம் இருக்கிறதாம். வெயிலில் சோறு ஆக்குகிற அடுப்பு, வெயிலில் வெந்நீர் போடுகிற தொட்டி, இதையெல்லாம் செய்ய ஆறு மாசம் சொல்லித்தருவார்களாம். நம் பக்கத்துப் பிள்ளைகள் பத்துப் பேரை அனுப்பினால், திரும்பிவந்து இங்கேயே பட்டறை போடலாம், ஒருத்தனும் சுரங்கத்துக்குள் இறங்கவேண்டாம். என் கடை வாசலில் சைக்கிளில் சாய்ந்தபடி இதைச் சொன்னான். உள்ளே செல்வராஜ் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். கேட்டதும் ட்யூபை விட்டுவிட்டு எழுந்து வெளியே போனான்.

செல்வராஜுக்கு அப்போது பத்தொன்பது வயசு. பத்து வயசில் அவன் சித்தப்பாவை மேலே கொண்டுவந்ததைப் பார்த்தவன். சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள், சாக்குக்கு வெளியே ஒரு பூட்ஸ் தெரிந்தது. அதற்கப்புறம் ஆட்களைக் கீழே இறக்குகிற கேஜின் மணிச் சத்தம் கேட்டாலே வேறு பக்கம் பார்ப்பான். என் மாமனார் கீழே துளை போடுகிற வேலையில் இருந்தார். இருமல் அதிகமாகிவிட்டது. அவர் ஒதுங்கினால் அந்த இடத்துக்கு மகனை எடுத்துக்கொள்வார்கள், பேர் கொடுக்கவேண்டும். வீட்டில் தினமும் அதே பேச்சு. "நான் கேஜ்ல ஏறமாட்டேன் மாமா. என்னை அடிச்சாலும் ஏறமாட்டேன்" என்று என்னிடம் சொல்வான். எனக்கு ராத்திரி தூக்கம் வராது. இறங்கினால் உயிருக்குப் பயம், இறங்காவிட்டால் சோற்றுக்குப் பயம்.

அந்தச் செல்வராஜுக்குத்தான் இவன் சூரியனைக் காட்டினான். செல்வராஜ் மூன்றே நாளில் ஒரு பெட்டி செய்துவிட்டான். வெடிமருந்து வருகிற மரப்பெட்டியின் பலகை, சலூன்காரர் தூக்கிப்போட்ட உடைந்த கண்ணாடி, உள்ளே பூசுவதற்கு விளக்குக் கரி. முதல் நாள் அரிசி பாதிதான் வெந்தது. தங்கம் பிரித்தபின் மண்ணைக் கொட்டிவைத்த சயனைடு மேட்டிலிருந்து காற்றில் வருகிற சாம்பல் தூசி கண்ணாடியில் படிந்து வெயிலை மறைத்துவிடுகிறது என்பதை அவனேதான் கண்டுபிடித்தான். மறுநாளிலிருந்து பக்கத்திலேயே உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தான். அந்தப் பாதி வெந்த சோற்றை சைக்கிளில் இருந்தபடியே ஒரு வாய் வாங்கிப் போட்டுக்கொண்டு, "பர்ஸ்ட் க்ளாஸ்" என்றான் இவன். தூசியைப் பற்றிக் கேட்க நிற்கவில்லை.

பத்துப் பேருக்குப் பணம் வேண்டும். அதற்கு அவன் போட்ட திட்டம்தான் ஐந்து நாள் சைக்கிள். ஐந்து பகல், ஐந்து ராத்திரி, கால் தரையில் படாமல் மைதானத்தைச் சுற்றுவான். முடித்தால் லைன் வீடு ஒவ்வொன்றும் சம்பளத்தன்று பத்து ரூபாய் தரவேண்டும். பத்து ரூபாய் எங்களுக்குச் சின்னது இல்லை. இருந்தும் வீட்டுக்கு வீடு சரி என்றார்கள், பிள்ளைகள் முகத்துக்காக. அவனே மைக்கைப் பிடித்து, "என் கால் ஒருதரம் தரையில் பட்டாலும் யாரும் ஒரு பைசா தரவேண்டாம்" என்று தினமும் அறிவித்தான். அவன் சைக்கிள் பழசாம். "உன் பச்சை சைக்கிளைக் குடு, போட்டோவுக்கு நல்லா விழும்" என்றான். அதை நான் வாங்கி ஒரு மாசம்கூட ஆகவில்லை. கொடுத்தேன். ஐந்து நாளும் அந்தச் செயின் அறுந்துவிடுமோ என்று அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டத் தெரிந்தவன். அதை மறுக்க மாட்டேன். சாப்பிட்டது சைக்கிளில், குளித்தது சைக்கிளில். பிள்ளைகள் பக்கெட்டோடு கூடவே ஓடி ஊற்றினார்கள். மற்றதுக்கு மூலையில் சாக்கு கட்டி மறைத்திருந்தது. சைக்கிளோடு உள்ளே போய், ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொள்வான். அதற்குமேல் நான் எட்டிப் பார்க்கவில்லை. தங்கவேலு டீயை ஆற்றிக்கொண்டே, "இந்தாளுக்கு இதான்யா சரியான வேலை. ஊரு பூரா போகாம ஒரே எடத்துல போறாரு" என்றார். மாசிலாமணி அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இனி மூன்று மணிக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கீழே பாறை வெடித்து மேலே தரை ஆடினால், செய்கிற வேலை எதுவானாலும் போட்டுவிட்டு, சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலுக்குப் போய் நிற்கவேண்டும். உன் வீட்டு ஆள் கீழே இருக்கிறானா என்பது கேள்வி இல்லை. சவரம் பாதியில் இருந்தால் பாதி முகத்தோடு போவார்கள். இலையில் உட்கார்ந்தவன் எழுந்துவிடுவான். ஒரு கல்யாணத்தில், கையில் எடுத்த தாலியைத் தட்டிலேயே வைத்துவிட்டு மாப்பிள்ளை மாலையோடு போய் நின்றான். கீழே இருப்பவர்களின் நிலைமை தெரிந்தபிறகு வந்து கட்டினான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. பஜாரிலும் அப்படித்தான், கடையைப் பாதி சாத்திவிட்டு ஓடிவருவார்கள்.

அன்றைக்குத் தரை ஆடியது. சின்ன ஆட்டம் இல்லை. டீக்கடை கிளாஸ்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. மைக் கம்பம் சாய்ந்தது. செல்வராஜ் துணியைப் போட்டுவிட்டு ஓடினான், அவன் அப்பா அந்த ஷிஃப்டில் கீழே இருந்தார். மாசிலாமணி செருப்பை விட்டுவிட்டு ஓடினார். ரோசம்மா கடலைக்கூடையை அப்படியே வைத்துவிட்டாள். தங்கவேலு, மைக் செட்டுக்காரன், பிள்ளைகள், எல்லோரும் போய்விட்டார்கள். நானும் எழுந்து ஓடினேன். மைதானத்து ஓரம் வரைக்கும்தான் போக முடிந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டு முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அப்படி வரும். திரும்பிப் பார்த்தேன். அவன் சுற்றிக்கொண்டிருந்தான்.

"சார், இறங்குங்க. ஆடிச்சே, தெரியலையா?" என்று கத்தினேன்.

சுற்றி என் பக்கம் வந்தபோது, "தெரிஞ்சுது" என்றான்.

"மாமனார் கீழ கீறாரு சார்."

போய்விட்டான். அடுத்த சுற்றில் வந்து, "இறங்கினா அஞ்சு நாளும் வேஸ்ட்" என்றான்.

"எல்லாரும் ஓடறாங்க. நீங்க மட்டும் சுத்தினா இன்னா அர்த்தம்?"

மறுபடி ஒரு சுற்று. "நான் இறங்கி அங்க வந்து என்ன செய்யப்போறேன், சொல்லு."

அவன் சுற்றி வருவதற்குள் பதில் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஷாஃப்ட் வாசலில் நின்று யாரும் எதுவும் செய்வதில்லை, சும்மா நிற்பார்கள், அவ்வளவுதான். இதை எப்படிச் சொல்வது? அடுத்த சுற்றில், "பசங்களுக்காகத்தான்" என்று சொல்லிக்கொண்டே போனான். அந்தப் பசங்கள் அத்தனை பேரும் அந்நேரம் வாசலில் நின்று, ஆள் இறங்கும்போது கூடவே எடுத்துப்போகிற டோக்கன்களில் யாருடையது பலகைக்குத் திரும்பி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று மணிநேரம். மைதானத்தில் நான், அவன், நாய். என்னால் எழுந்து போக முடியவில்லை. அவனைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. செயின் கிரீச் கிரீச் என்றது, எண்ணெய் போடவேண்டும் என்று தோன்றியும் விட்டுவிட்டேன். ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. சாக்கு கட்டிய மூலைக் கம்பத்தைப் பிடித்து நிறுத்தி, கையைத் தூக்கி, "ஐந்து நாள் பூர்த்தி" என்று அறிவித்தான். என்னிடமும் நாயிடமும். இறங்கினான். இரண்டு காலையும் ஒன்றாகத் தரையில் வைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். நிற்க முடியவில்லை, நான் எப்படியோ எழுந்துபோய்ப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இருட்டுகிற நேரத்தில் அவர்கள் திரும்பி வந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. மூன்று பேருக்கு அடி, அதில் ஒருத்தர் என் மாமனார். இரண்டு விரல் நசுங்கிக் கட்டுப்போட்டிருந்தது, முகமெல்லாம் மாவு அப்பிய மாதிரி தூசி. வீட்டுக்குப் போகாமல் மகனைப் பிடித்துக்கொண்டு மைதானம் வழியாக வந்தார். பின்னால் லைன் ஜனங்கள்.

அவன் சிரித்துக்கொண்டு, "முடிச்சுட்டேன்" என்றான்.

மாசிலாமணி என்னிடம் வந்தார். "இன்னா கடைக்காரரே, நீதானே இங்க இருந்தே. நாங்க போனப்புறம் இறங்கினாரா?"

"இல்ல."

"ஒருதரம்கூட?"

"ஒருதரம்கூட இறங்கல. நான் பார்த்துக்கினேதான் இருந்தேன்" என்றேன். செல்வராஜுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் அழுத்திச் சொன்னேன். பத்து இடத்தில் ஒன்று அவனுக்கு நிச்சயம் ஆகிவிட்டது என்று நினைத்தேன். செல்வராஜ் என்னைப் பார்க்கவில்லை, தரையில் வட்டமாகப் பதிந்திருந்த டயர் தடத்தைப் பார்த்தான்.

மாசிலாமணி அவன் பக்கம் திரும்பினார். "இறங்கியிருந்தா குடுத்திருப்போம் சார்."

அவனுக்குப் புரியவில்லை. "கால் பட்டா தரவேண்டாம்னுதானே பேச்சு? படலையே."

"பேச்சு அதான்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. நீங்க போயிட்டே இருங்க."

கூட்டம் கலைந்தது. மாமனார் மட்டும் நின்றார். "சோறு வெந்துச்சாடா?" என்று மகனைக் கேட்டார். செல்வராஜ் பெட்டியைத் திறந்தான். மத்தியானத்திலேயே வெந்திருக்கிறது, பூப்போல இருந்தது. ஐந்து நாளில் அன்றைக்குத்தான் சரியான பதம். யாரும் சாப்பிடவில்லை. நாய்க்குப் போட்டோம்.

மறுநாள் காலை அவன் ரயிலேறிவிட்டான். வேடிக்கை பார்த்தவர்கள் போட மைதானத்தில் வைத்த உண்டியல் டப்பாவில் விழுந்த சில்லறை மைக் செட்டுக்கும் விளக்குக்குமே போதவில்லை என்று தங்கவேலு சொன்னார். பச்சை சைக்கிள் கோரமண்டல் ஸ்டேஷன் சுவரில் சாய்ந்து கிடந்தது. ஸ்டாண்டு போடவில்லை. பெடல் வளைந்திருந்தது.

நசுங்கிய விரலோடு மாமனார் கீழே போக முடியாது. செல்வராஜை யாரும் வற்புறுத்தவில்லை. நீ ஒருத்தனாவது பெங்களூர் போ, நான் கடன் வாங்கித் தருகிறேன் என்றேன். "ஆறு மாசம் வீட்ல இன்னா தின்னுவாங்க மாமா?" என்றான். அவனே போய்ப் பேர் கொடுத்தான். முதல் நாள் கேஜ் வரைக்கும் கூடப் போனேன். மணி அடித்தபோது வேறு பக்கம் பார்க்கவில்லை, நேரே பார்த்துக்கொண்டு உள்ளே போனான். அன்றிலிருந்து தரை லேசாக ஆடினாலும் வாசலுக்கு முதலில் ஓடுகிறவன் நான்தான். முட்டி மடங்குவதில்லை. செல்வராஜ் செய்த அந்த அடுப்புப் பெட்டியில் என் மனைவி விறகு வைத்திருக்கிறாள்.

முதல் சம்பளத்தன்று செல்வராஜ் கடைக்கு வந்தான். சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். "பச்சை சைக்கிள் வாடகை மாமா. அந்தாளு குடுத்திருக்கமாட்டான்."

"நீ இன்னாத்துக்குடா குடுக்கிற?"

"எனக்காகத்தானே சுத்தினான்."

"உனக்காக ஒண்ணும் சுத்தல. எடுத்து உள்ள வை" என்றேன். அந்தக் கடன் அந்த ஆளின் தலையில்தான் இருக்கவேண்டும், வேறு யார் தலையிலும் இறங்கக்கூடாது.

நாலு வருஷம் கழித்து, டயர் வாங்கப் பெங்களூர் போன இடத்தில் அவனைப் பார்த்தேன். சிக்னலில் ஸ்கூட்டரில் நின்றான், ஒரு காலின் முனைவிரல் தரையில். அடையாளம் தெரிந்து சிரித்தான். இப்போது காற்றாடியாம், காற்றில் கரண்டாம், அதற்காக ஸ்கூட்டரில் மைசூர் வரைக்கும் வசூல் பயணமாம்.

"பசங்கள்லாம் எப்படி இருக்காங்க? அந்தப் பொட்டி செஞ்சானே, அவன்?"

"கீழ போறான் சார். துளை போடறான். இருமல் ஆரம்பிச்சிருக்கு" என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் விளக்கு பச்சை ஆகிவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"சைக்கிள் வாடகை சார்" என்று சத்தமாகவே சொன்னேன்.

"அனுப்பிடறேன்" என்று கையைத் தூக்கிவிட்டுப் போனான்.

பகலுக்கு இரண்டு ரூபாய், ராத்திரிக்கு ஒன்றரை. ஐந்து நாளைக்குப் பதினேழு ரூபாய் ஐம்பது பைசா. வளைந்த பெடலை நான் சேர்க்கவில்லை.